ஏற்காடு மலை ஜியாலஜி மேப் ஒரே கலரா இருக்கே, பாக்சைட் எங்க? பிளாட்டினம் எங்க?

வாழப்பாடிகாரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜியாலஜி படிச்சவன் இல்ல, பி.காம் முடிச்சிட்டு சேலத்துல கணக்கு எழுதற வேலை. எங்க மாமாவுக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் காபியும் மிளகும் போட்ட கொஞ்சம் நிலம் இருக்கு. சமீபத்துல ஒரு புரோக்கர் வந்து "உங்க நிலத்துக்கு அடியில பிளாட்டினம் ஓடுது, கவர்மென்ட் மேப்லயே போட்டிருக்கு"ன்னு ஒரு கலர் ஜெராக்ஸ காட்டிட்டு போயிருக்காரு. சர்வே செலவுக்கு மொதல்ல ஒரு தொகை கட்டணுமாம், அப்புறம் பெரிய கம்பெனி ஒண்ணு வந்து லீஸுக்கு எடுத்துக்குமாம். மாமா பாதி நம்பிட்டாரு, அத்தை சுத்தமா நம்பல, வீட்ல தெனமும் இதே பேச்சுதான்.

சரி நாமளே பாத்துருவோம்னு ஜிஎஸ்ஐ, அதாவது இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தோட புகோஷ் சைட்ல அக்கவுண்ட் போட்டு மேப்ப எறக்கினேன். ஒண்ணும் வெளங்கல. சேர்வராயன் மலை மொத்தமும் ஒரே கலர், சார்னகைட்னு போட்டிருக்கு. ஆனா மலை மேல போனா கண்ணுக்கு தெரியறது செம்மண்ணுதானே, பாறையே பாதி எடத்துல தெரியாது, அப்புறம் எப்படி மொத்தத்துக்கும் ஒரே பாறைன்னு கலர் அடிச்சாங்க? மேல பழைய பாக்சைட் குழி இருக்கறது ஊருக்கே தெரியும், அது ஏன் மலை உச்சியில மட்டும் இருக்கு, எறக்கத்துல இல்ல? அடிவாரத்துல கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் இருக்கு, அது ஏன் மலைக்கு மேல வரல? அந்த பிளாட்டினம் கதையில ஏதாவது நிஜம் இருக்கா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, மாமாகிட்ட படிச்சு காட்டணும்.

பழைய சுத்தியல்:

தம்பி, நல்ல கேள்வி. ஃபீல்டு ஜியாலஜிஸ்டா மலையேறி எறங்கி ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் நீளமா போகும், மாமாவுக்கு ரெண்டு தவணையா படிச்சு காட்டு.

மொதல்ல ஸ்கேல். நீ எறக்கினது 1:50,000 மேப்பா இருக்கும். அதுல 1 செ.மீ. இருந்தா தரையில 500 மீட்டர். 1 மி.மீ. இருந்தா 50 மீட்டர். உங்க மாமா தோட்டம் அஞ்சு ஏக்கர்னு வெச்சாக்கூட அந்த மேப்ல மூணு மி.மீ.க்கு மூணு மி.மீ. கூட தேறாது. அவ்வளவு சின்ன எடத்துக்கு அடியில என்ன ஓடுதுன்னு அந்த மேப்ப வெச்சு ஒருத்தன் சொல்றான்னா, அவன் மேப்பையே படிச்சதில்லைன்னு அர்த்தம். ஒரு டோபோஷீட், அதாவது நம்பர் போட்ட ஒரு சர்வே மேப் தாள், ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். ஏற்காடு 58 ஐ/1ல வரும், சேலம் டவுனும் கஞ்சமலையும் 58 ஐ/2, கொல்லிமலை 58 ஐ/7, 58 ஐ/8. புரோக்கர் அடுத்த தடவை வந்தா "இது எந்த ஷீட்டுங்க"ன்னு மட்டும் கேளு, வேற ஒண்ணும் கேக்க வேணாம்.

அடுத்தது, ஜியாலஜி மேப்ல இருக்கறது மண்ணு இல்ல, மண்ணுக்கு அடியில இருக்கற பாறை. மேல மண்ண உரிச்சு எடுத்துட்டா என்ன தெரியுமோ அதுதான் கலரு. எப்படி கண்டுபுடிக்கறோம்னா, பாறை ஓட்டம் எந்த திசையில போகுதோ அதுக்கு குறுக்கால நடப்போம், அத டிராவர்ஸ்னு சொல்றது. ஓடை வெட்டு, ரோடு வெட்டு, கெணறு வெட்டிப் போட்ட கல்லு, கொண்டை ஊசி வளைவுல தெரியற பாறை, இதுதான் எங்களுக்கு ஜன்னல். அங்கங்க சுத்தியலால ஒரு ஓரத்த ஒடைச்சு, வெயில் மழை படாத உள்முகத்த பத்து மடங்கு லென்ஸ்ல பாத்து, பிரண்டன் காம்பஸ்ல ஸ்ட்ரைக் (பாறை ஓடற திசை), டிப் (அது சாயற பக்கமும் அளவும்) ரெண்டும் எடுத்து நோட்ல எழுதி, சந்தேகமான கல்ல பையில போட்டு கட்டி லேபுக்கு அனுப்புவோம், அங்க அத காயிதத்த விட மெல்லிசா அறுத்து மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. இப்படி ரெண்டு எடத்துல பாத்தது ஒரே பாறைன்னா நடுவுல மண்ணு மூடினதும் அதேதான்னு எடுத்துக்கறோம். எல்லைக்கோட பாரு, கண்ணால பாத்து உறுதியான எடம் முழுக்கோடு, ஊகம் பண்ண எடம் விட்டு விட்டு போட்ட கோடு. அந்த வித்தியாசத்த யாரும் கவனிக்கறதே இல்ல, மேப்ப பாக்கறவன் மொதல்ல கவனிக்க வேண்டியதே அதுதான்.

சார்னகைட் சமாச்சாரம் சுவாரசியமானது. கல்கத்தாவுல ஜாப் சார்னக்னு கிழக்கிந்திய கம்பெனிக்காரர் ஒருத்தர் கல்லறை இருக்கு, அதுக்கு மேல கெடக்கற கல்லு நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து கல்லு. ஹாலண்ட்னு ஜிஎஸ்ஐ ஆளு அத ஆராய்ஞ்சு 1893ல அந்த பேர வெச்சாரு. மங்கின பச்சை கலந்த கரும்நிறம், ஒடைச்சா எண்ணெய் தடவின பளபளப்பு. இதே பாறைதான் சேர்வராயன், நீலகிரி, பழனிமலை எல்லாத்துலயும். சேர்வராயன் கல்லு 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி, 20 கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல, 700, 800 டிகிரி சூட்டுல வெந்த பாறை. இன்னைக்கு அது 1,600 மீட்டர் உச்சியில சேர்வராயன் கோயிலுக்கு கீழ நிக்குதுன்னா அதுக்கு மேல இருந்தது பூரா அரிச்சு போயிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப பாக்சைட். சார்னகைட்ல ஃபெல்ட்ஸ்பார்னு ஒரு கனிமம் நெறைய இருக்கு, அதுல அலுமினியம் சிலிக்கா ரெண்டும் உண்டு. சமதளமான உச்சி, நல்ல மழை, தண்ணி தேங்காம கீழ எறங்கற வசதி, இது மூணும் லட்சக்கணக்கான வருஷம் சேந்து இருந்தா சோடியம், கால்சியம், பொட்டாசியம் மொதல்ல கரைஞ்சு போகும், அப்புறம் சிலிக்காவும் கொஞ்சம் கொஞ்சமா போகும், அலுமினியமும் இரும்பும் கரையாம தங்கிடும். இரும்பு அதிகமா தங்கினா லேட்டரைட், அலுமினியம் அதிகமா தங்கினா பாக்சைட். எறக்கத்துல இது உருவாகறதுக்குள்ள மழை மண்ணையே இழுத்துட்டு போயிடும். அதனாலதான் உச்சி மட்டம் இருக்கற எடத்துல மட்டும் தொப்பி தொப்பியா, சில மீட்டர் கனத்துல. அடியில தோண்டினா மறுபடி வெள்ளைக் களிமண்ணு, அதுக்கு கீழ அதே சார்னகைட். கொல்லிமலையிலயும் இதே கதைதான். பெரிய மேப்ல இது சின்ன திட்டா இருக்கும், இல்ல ஒரு குறியீடு மட்டும் இருக்கும், ஜூம் பண்ணி பாரு.

இன்னொரு விஷயம், கேள்விக்கு சம்பந்தம் கம்மி, ஆனா ஏற்காடுன்னதும் சொல்லாம இருக்க முடியல. சேலம் ஜில்லாவ மொத மொத நடந்தே மேப் போட்டவங்க வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும், 1860கள்ல. 1863ல பல்லாவரத்துல கற்கால கோடாரிய கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். ஓய்வுக்கு அப்புறம் ஏற்காட்டுலயேதான் இருந்தாரு, ஹோலி டிரினிட்டி சர்ச்ல அவரோட நினைவுக்கல் இருக்கு. ஏரிய பாத்துட்டு போட்டிங் போயிட்டு வர்ற கூட்டத்துல ஒருத்தரும் அங்க எட்டிப்பாக்கறது இல்ல.

பிளாட்டினம் பத்தி கடைசியா எழுதறேன், கண்ணு வலிக்குது.

மாமாங்கம் முருகேசு:

பெரியவரு அருமையா சொல்லிட்டாருங்க. வெள்ளைக்கல்ல பத்தி நான் சொல்றேனுங்க, எங்கப்பா காலத்துலேருந்து அந்த வேலைதான்.

வெள்ளைக்கல்லுன்னு நாம சொல்றது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். அது தனியா மலையா இருக்காதுங்க. அடியில இருக்கற பாறை வேற, பச்சை கலந்த பழுப்பா இருக்கும், டியூனைட்னு சொல்லுவாங்க, முழுக்க ஆலிவின், மெக்னீசியம் நெறைஞ்சது. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துலேருந்து வந்த பாறைன்னு எங்க மைன்ஸ் மேனேஜர் சொல்லுவாரு. அந்த பாறையில விரிசல் விரிசலா இருக்கும், கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணி உள்ள பூந்து பாறைய அரிச்சு, மெக்னீசியத்த கரைச்சு, அந்த விரிசல்லயே வெள்ளையா படிய வெச்சிருக்கு. சுரங்கத்துல படி படியா வெட்டின சுவத்துல பாத்தீங்கன்னா நரம்பு நரம்பா, வலை வலையா ஓடும், சில நரம்பு விரல் கனம், சில எடத்துல ஆள் அகலம். அதனால ஒரு டன் வெள்ளைக்கல்லுக்கு பல டன் வேஸ்ட்டு கல்ல வாரணும், கையால பொறுக்கி, மேல ஒட்டின பாறைய சின்ன சுத்தியால தட்டி சுத்தம் பண்றதுதான் பொம்பளைங்க வேலையா இருந்துச்சு. அந்த வேஸ்ட்டு மலைதான் இப்ப ஏற்காடு ரோட்ல நிக்கறவன் கண்ணுக்கு தெரியறது. பின்னாடி டியூனைட்டுக்கும் இரும்பு ஆலைல கிராக்கி வந்துச்சு, வேஸ்ட்டுன்னு கொட்டினதுல கொஞ்சம் காசாச்சு.

கல்ல சூளையில சுட்டா பாதிக்கு மேல எடை கொறைஞ்சிடும், கார்பன் டை ஆக்சைடு மட்டுமே 52 சதவீதம் போயிடும். 1,500 டிகிரிக்கு மேல வெச்சு நல்லா சுட்டதுதான் டெட் பர்ன்ட். அதுக்கப்புறம் அது 2,800 டிகிரி வரைக்கும் உருகாது, அதான் ஸ்டீல் உருக்கற ஃபர்னஸுக்கு உள்பக்கம் செங்கலா அடிக்கறாங்க.

தம்பி கேட்ட கேள்விக்கு பதில் இதுதானுங்க, மலைக்கு மேல ஏன் வரலைன்னா மேல அந்த பாறையே இல்ல. மலை பூரா சார்னகைட், அதுல மெக்னீசியம் கம்மி. அடிவாரத்துல மட்டும் டியூனைட் துண்டு ரெண்டு மூணு எடத்துல வந்து மாட்டிருக்கு. கல்லு மாறினா சரக்கு மாறும், அவ்வளவுதான்.

நாலாவது செமஸ்டர்:

எம்.எஸ்சி அப்ளைடு ஜியாலஜி ஸ்டூடண்ட் இங்க. ப்ரோ, புகோஷ்ல பிடிஎஃப் மட்டும் எறக்காதீங்க, ஷேப்ஃபைலா எறக்கி க்யூஜிஐஎஸ்ல போடுங்க, அது மேப் பாக்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்தான். லித்தாலஜி (பாறை வகை) லேயர், ஸ்ட்ரக்சர் (மடிப்பு, விரிசல்) லேயர், மினரல் லேயர் தனித்தனியா வரும், ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தீங்கன்னா இந்த ஏரியா கதையே புரிஞ்சுடும். சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவுல ஒரு பெரிய ஷியர் ஜோன் போகுது, பாலக்காடு – காவேரி ஷியர் சிஸ்டத்தோட ஒரு பகுதி, பூமி ஓடு கசங்கி நகர்ந்த எடம். சேலம் டியூனைட், நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டி பாறை, எல்லாம் இந்த கசங்கின பட்டைக்கு உள்ளயும் ஓரத்துலயும்தான். இன்னும் வடக்க போனா அரூர் – ஊத்தங்கரை மாலிப்டினம் பெல்ட், திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூர்ல கார்பனடைட்னு ஒரு பாறை, அங்க வெர்மிகுலைட், அபடைட் எல்லாம் இருக்கு. கனிமம் கண்ட எடத்துல சிதறி கெடக்காது, ஸ்ட்ரக்சர ஃபாலோ பண்ணும். மலைங்க அதோட பாட்டுக்கு நிக்கும், பெரும்பாலும் சரக்கு மலைக்கு நடுவுல இருக்கற பள்ளத்துலயும் அடிவாரத்துலயும்தான் இருக்கும், இந்த ஏரியாவ பொறுத்தவரைக்கும்.

ஜியோகெமிக்கல் லேயரும் பாருங்க, என்ஜிசிஎம்னு ப்ரோக்ராம். ரெண்டு கிலோமீட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு ஓடை மண்ண எடுத்து 60க்கு மேல எலிமெண்ட்ஸ் பாத்திருக்காங்க. ஓடை மண்ணு ஏன்னா மேல இருக்கற பாறை எல்லாம் அரிச்சு அதுலதான் வந்து சேரும். ஒரு கட்டத்துல குரோமியம், நிக்கல் தூக்கலா வந்தா மேல எங்கயோ டியூனைட் மாதிரி பாறை இருக்குன்னு சந்தேகப்படலாம். ஆனா அதுவும் சந்தேகம்தான், கண்டுபிடிப்பு இல்ல. ட்ரோன், சாட்டிலைட்ல பாத்து அடியில தங்கம்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்றான்ல, சாட்டிலைட் இமேஜ் தரையோட மேல் தோல மட்டும்தான் பாக்கும், அதுலயும் ஏற்காடு மாதிரி மரம் மூடின எடத்துல இலையத்தான் பாக்கும்.

உண்மை விளம்பி:

எல்லாம் சரி. பாக்சைட் இருக்கு, வெள்ளைக்கல் இருக்கு, கஞ்சமலை பூரா இரும்பு, அப்புறம் ஏன் சேலத்துக்காரன் திருப்பூருக்கு வேலைக்கு போறான்? கஞ்சமலை இரும்ப எடுக்க விடாம பண்றது வடக்கத்தி லாபி. அந்த மலைய வெச்சு தமிழ்நாட்டையே வாழ வைக்கலாம். ஜியாலஜிஸ்ட் சார் இத பத்தி பேச மாட்டாரு.

பழைய சுத்தியல்:

ஏன் பேச மாட்டேன், தாராளமா பேசறேன். கஞ்சமலையில நானும் ஏறி எறங்கி ஸ்ட்ரைக் டிப் எடுத்தவன்தான்.

கஞ்சமலை இரும்பு, மேக்னடைட் குவார்ட்சைட். மேக்னடைட் ஒரு வரி, குவார்ட்ஸ் ஒரு வரின்னு மாறி மாறி வரும். மொத்த பட்டையும் மடிஞ்சு கிண்ணம் மாதிரி கெடக்கறதால மேப்ல பாத்தா மலைய சுத்தி மாலை போட்டாப்ல வளைஞ்சு வரும், சுத்தி எங்க பாத்தாலும் டிப் மலைக்கு உள்பக்கம்தான் காட்டும், ஸ்டூடண்டுங்கள மடிப்பு கத்துக்க இங்க கூட்டிட்டு வருவாங்க. ஆனா அதுல இரும்பு 35லேருந்து 40 சதவீதம்தான். சத்தீஸ்கர் பைலாடிலாவுல, கர்நாடகா ஹொசபேட்டை பக்கம் ஹேமடைட் 60 சதவீதத்துக்கு மேல, நேரா லாரியில ஏத்தி ஃபர்னஸ்ல போடலாம். நம்ம கல்ல மாவா அரைச்சு, காந்தத்துல பிரிச்சு, மறுபடி உருண்டை புடிச்சு சுட்டாத்தான் ஃபர்னஸுக்கு போகும். அரைக்கற கரண்ட் செலவு, தண்ணி செலவு, மிச்சமாகற மணல கொட்டற எடம், இதெல்லாம் கணக்கு போட்டா எல்லா காலத்துலயும் கட்டுப்படியாகாது. சேலம் ஸ்டீல் பிளாண்ட்டுக்கு கஞ்சமலைய காட்டித்தான் கேட்டாங்க, கடைசியில வந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை, அந்த மலைக்கல்ல அது உருக்கறதில்ல.

இதுக்கும் முன்னாடியே ஒருத்தர் முயற்சி பண்ணாரு, ஜோசையா மார்ஷல் ஹீத்னு கம்பெனி உத்தியோகஸ்தர். 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில ஆலை போட்டு சேலம் இரும்புத்தாத வெச்சு இரும்பு உருக்கி சீமைக்கு அனுப்பினாரு. சேலத்து தாது உருக்கு பண்ண நல்ல தாதுதான், அதுல குறை இல்ல, நம்ம ஆளுங்க அதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே சின்ன சின்ன சூளையில உருக்கினாங்க. ஆனா ஹீத் ஆலை அடுப்புக்கு கரி வேணும், கரிக்கு காடு வேணும், ஆலை பெருசானா காடு எவ்வளவு தூரம் போகணும்னு யோசிச்சுப் பாருங்க. கடைசியில கம்பெனி நட்டத்துலதான் முடிஞ்சுது. அப்ப வடக்கத்தி லாபி கிடையாது.

பூமியில இருக்கறது வேற, லாபமா எடுக்க முடியறது வேற. எங்க பாஷையில மொதல்ல சொன்னது ரிசோர்ஸ், ரெண்டாவது ரிசர்வ். கனிமம் தேடறதுல ஜி4, ஜி3, ஜி2, ஜி1னு நாலு படி இருக்கு. ஜி4ன்னா சும்மா சுத்திப் பாத்து, மேப் போட்டு, சில சாம்பிள் எடுத்து இங்க ஏதோ இருக்கலாம்னு சொல்றது. ஜி1ன்னா கட்டம் போட்டு நெருக்கமா போர் எறக்கி, போர்ல வர்ற பாறைத் தண்ட (கோர்) மீட்டர் மீட்டரா லேப்ல பாத்து, எவ்வளவு டன், எவ்வளவு சதவீதம்னு துணிஞ்சு சொல்றது. ஒரு எடம் ஜி4லேருந்து ஜி1 வரதுக்கு வருஷக்கணக்குல ஆகும், பெரும்பாலானது பாதியிலயே செத்துடும். பேப்பர்ல "கண்டுபிடிப்பு"ன்னு வர்ற செய்தி முக்காவாசி ஜி4, ஜி3தான், அந்த வார்த்தை மட்டும் செய்தியில இருக்காது.

நீலகிரியில என்ன ஆச்சு? தேவாலா, பந்தலூர்ல தங்கம்னு 1880 வாக்குல லண்டன்ல கம்பெனி கம்பெனியா பங்கு வித்தாங்க. பாறையில தங்கம் இருந்தது நெசம். ஆனா கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்கு இல்ல, ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் ஊத்திக்கிச்சு, மெஷின் எல்லாம் காட்டுல துருப்புடிச்சு கெடந்துச்சு. அந்த பங்க வித்தவன் நல்லாத்தான் இருந்தான்.

சோளக்காட்டு சேகர்:

கொல்லிமலைக்காரன் நான். நீங்க எல்லாம் டன்னு, சதவீதம்னு பேசறீங்க, மேல இருக்கறவன் கணக்கையும் கேளுங்க. எங்க ஊர்லயும் பாக்சைட் எடுத்தாங்க, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுலேருந்தும் எங்க ஊர்லேருந்தும்தான் லாரி போச்சு. 70 கொண்டை ஊசி வளைவுல லோடு லாரி எறங்கினா எதிர்ல வர்ற பஸ்ஸுக்காரன் நிலைமைய நெனச்சுப் பாருங்க. நாலு டன் கல்லுக்கு ரெண்டு டன் அலுமினா, அதுலேருந்து ஒரு டன் அலுமினியம், அப்படின்னு அங்க வேலை செஞ்ச ஒருத்தரு சொன்னாரு. நிலத்த குடுத்தவனுக்கு குழி மிச்சம்.

நான் சொல்ல வந்தது தண்ணி விஷயம். அந்த லேட்டரைட் தொப்பி இருக்கே, பெரியவரு சொன்னாருல்ல, அது பொத்தல் பொத்தலா இருக்கற மண்ணு. மழை பேஞ்சா உள்ள வாங்கி வெச்சுக்கும், அடியில களிமண்ணும் பாறையும் விடாததால பக்கவாட்டுல கசிஞ்சு ஊத்தா வரும். எங்க நெல்லு வயலு, குடிதண்ணி, எல்லாம் அந்த ஊத்துதான். தொப்பிய வாரிட்டா மழைத்தண்ணி அன்னைக்கே ஓடிப்போயிடும். எடுத்த எடத்துல சில்வர் ஓக்கும் சவுக்கும் நட்டு பச்சையா காட்டறாங்க, ஊத்து திரும்பி வருமான்னு யாரும் சொல்றதில்ல. அதனால பாக்சைட் இருக்குன்னு சந்தோஷப்படறவங்க கொஞ்சம் மேல வந்து ஒரு பங்குனி மாசம் தங்கிட்டு போங்க.

பழைய சுத்தியல்:

சேகர் சொல்றது ஜியாலஜிப்படியும் சரிதான். லேட்டரைட்டுக்கும் அடியில இருக்கற களிமண்ணுக்கும் நடுவுல இருக்கற கோட்ட மேப்ல வரைஞ்சீங்கன்னா ஊத்து எல்லாம் அந்த கோட்டு மேலயே வரிசையா வரும். கனிம மேப்பும் தண்ணி மேப்பும் மலையில ஒரே மேப்தான்.

இப்ப பிளாட்டினம். புரோக்கர் முழுக்க கற்பனையா சொல்லல, அதுதான் ஆபத்து. நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டியில அனார்த்தசைட்னு வெளுத்த பாறை இருக்கு, அதோட குரோமைட் பட்டையும் வரும். அந்த குரோமைட்டோட பிளாட்டினம் குடும்பத்து உலோகம் கொஞ்சம் இருக்கறதா ஜிஎஸ்ஐ சொல்லிருக்கு. அதே அனார்த்தசைட்டதான் நிலா மேட்டு மண்ணுக்கு நெருக்கமா இருக்குன்னு சித்தம்பூண்டி, குன்னமலையிலேருந்து எடுத்துட்டுப் போய் பொடிச்சு சந்திரயான்-2 லேண்டர சோதிக்க இஸ்ரோ தளம் போட்டாங்க. ஆக பிளாட்டினம் செய்தி நெசம், ஆனா அது சித்தம்பூண்டி பாறையில, அதுவும் டன்னுக்கு கிராம் கணக்குல பேசற சமாச்சாரம். நாகலூர் சார்னகைட்ல அது வர வேலை இல்ல. வேற ஊர் பேப்பர் கட்டிங்க உங்க ஊர் மேப்போட சேத்து ஒட்டிருக்காங்க.

சட்டமும் சொல்லிடறேன். 1957 எம்எம்டிஆர் சட்டப்படி அனுமதி இல்லாம யாரும் தேடவே கூடாது, அப்புறம்தானே எடுக்கறது. 2015க்கு அப்புறம் பெரிய கனிமம் எல்லாம் ஏலத்துலதான் போகுது, புரோக்கர் கூட்டிட்டு வர்ற கம்பெனிக்கு மாமா கையெழுத்து போட்டா லீஸ் வந்துடாது. பட்டா நிலத்துக்கு அடியில இருக்கறது யாருக்கு சொந்தம்னு ஒரு வழக்கு மலபார் ஜென்ம (பரம்பரை முழு உரிமை) நிலத்த பத்தி போய், 2013ல உச்ச நீதிமன்றம் நிலக்காரருக்கு சாதகமா சொன்னது உண்மை. சொந்தம்னாலும் அனுமதி இல்லாம தோண்ட முடியாது. அதுக்கு மேல ஏற்காடு ஹாகா பகுதி, மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்த தாண்டி வரணும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல புவியியல் மற்றும் சுரங்கத்துறைன்னு ஒரு ஆபீஸ் இருக்கும், சர்வே நம்பர எழுதிட்டு போய் கேளுங்க, காசு ஆகாது. நிலக்காரர்கிட்ட பணம் வாங்கிட்டு அரசு சர்வே பண்ணாது.

வாழப்பாடிகாரன்:

சார், எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மாமாகிட்ட முழுசா படிச்சு காட்டிட்டேன். ஹீத் கதைக்கும் பந்தலூர் கதைக்கும் மட்டும் ரெண்டு தடவ "மறுபடி படி"ன்னாரு. புரோக்கருக்கு போன் போட்டு எந்த ஷீட்டுன்னு கேட்டோம், "எக்ஸெல் ஷீட்டா"ன்னு கேக்கறாரு. அத்தை அங்கயே சிரிச்சிட்டாங்க.

ஆனா மாமா இன்னும் முழுசா விடல. தோட்டத்து ஓரத்துல கன்னங்கரேல்னு உருண்டை உருண்டையா கல்லு கெடக்கு, தூக்கினா மத்த கல்ல விட கனமா இருக்கு, அதத்தான் புரோக்கர் காட்டி பிளாட்டினம்னாராம். அது என்ன கல்லா இருக்கும்?

பழைய சுத்தியல்:

எக்ஸெல் ஷீட்! அடடா.

போட்டோ வேணாம், போட்டோவுல எல்லா கருங்கல்லும் ஒண்ணாத்தான் தெரியும். வீட்லயே பண்ணு. மீன் கடையில தூக்கிப் புடிக்கற தொங்கு தராசு இருக்குல்ல, டிஜிட்டல், அது ஒண்ணு வாங்கிக்க. கல்ல சுத்தமா கழுவி நூல்ல கட்டி மொதல்ல காத்துல எடை போடு. அப்புறம் அதே தொங்கல்ல ஒரு பக்கெட் தண்ணியில கல்லு முழுசா முங்கணும், அடியிலயும் ஓரத்துலயும் படக்கூடாது, அப்ப என்ன எடைன்னு பாரு. காத்து எடைய, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா அடர்த்தி வந்துடும். சார்னகைட் 2.7 பக்கம் வரும், டோலரைட் 3 பக்கம், குரோமைட் 4.5 பக்கம், சுத்த மேக்னடைட் 5.2. அப்புறம் ஸ்பீக்கர்லேருந்து ஒரு காந்தத்த எடுத்து வெச்சுப் பாரு, நல்லா ஒட்டுதா, லேசா இழுக்குதா, ஒண்ணுமே இல்லையா. பீங்கான் டைல்ஸோட பளபளப்பு பூசாத பின்பக்கத்துல தேச்சு என்ன கலர் கோடு விழுதுன்னும் சொல்லு.

வாழப்பாடிகாரன்:

பண்ணியாச்சு சார். காத்துல 1,240 கிராம், தண்ணிக்குள்ள 830. கால்குலேட்டர்ல 3.02 வருது. காந்தம் நூல்ல கட்டி பக்கத்துல கொண்டு போனா லேசா திரும்புது, ஒட்டல. டைல்ஸ்ல சாம்பல் கோடு. மேல் தோலு பழுப்பா வெங்காயம் உரியற கணக்கா உரியுது, உள்ள ஒடைச்சா கருப்பு, பொடி மணி, வரி எதுவும் இல்ல.

பழைய சுத்தியல்:

வரி இல்ல, பொடி மணி, தோலு உரியுது, 3.02. அப்ப டோலரைட் டைக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சார்னகைட்ல விரிசல் விட்டப்ப கீழேருந்து குழம்பு ஏறி உறைஞ்ச சுவரு. வரி வரியா இருந்திருந்தா மேஃபிக் கிரானுலைட்னு சொல்லிருப்பேன், அதுவும் இந்த மலையில சகஜம், அதுவும் 3 பக்கம்தான் வரும். ரெண்டுலயும் பிளாட்டினம் கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதே டோலரைட்டதான் கருப்பு கிரானைட்னு அறுத்து ஏத்துமதி பண்றாங்க, அதுக்கு விரிசல் இல்லாத பெரிய பிளாக் வேணும். வெங்காயத் தோலா உரியற உருண்டைக்கு அங்க மதிப்பு இல்ல. மாமாவுக்கு மிளகுதான் லாபம்.

நாலாவது செமஸ்டர்:

சார், ஒரு டவுட்டு. 58 ஐ/1 ஸ்ட்ரக்சர் லேயர்ல நாகலூர் பக்கம் டைக் எதுவும் எனக்கு தெரியலையே? அப்ப மேப் தப்பா?

பழைய சுத்தியல்:

தப்பு இல்லப்பா. டைக் 20 மீட்டர் அகலம்னு வெச்சுக்க, 1:50,000ல அது 0.4 மி.மீ., பேனா கோடு அளவு. கொஞ்ச தூரம் தொடர்ந்து ஓடினாத்தான் மிகைப்படுத்தி ஒரு கோடா போடுவோம், நூறு மீட்டர்ல முடிஞ்சிடுச்சுன்னா விட்டுடுவோம். காபி தோட்டத்துக்குள்ள மூடிக்கிடந்தா டிராவர்ஸ் போனவன் கண்ணுல படாமலும் போயிருக்கும், ஒரு டிராவர்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டுப் போகும்னு உனக்கே தெரியும். நீ வேணா ஒரு லீவுல போய் அந்த உருண்டைங்க எந்த திசையில வரிசையா போகுதுன்னு ஜிபிஎஸ் பாயிண்ட் எடுத்துட்டு வா. வடமேற்கு தென்கிழக்கா போச்சுன்னா எனக்கும் ஒரு மெசேஜ் போடு, எடுத்த பாயிண்ட எல்லாம் க்யூஜிஐஎஸ்ல போட்டு பக்கத்து ஷீட்டு டைக்கோட சேருதான்னு பாப்போம். மாமாகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு போ, இன்னொரு புரோக்கர்னு நெனச்சுக்கப் போறாரு.